மணலாகிய மணவிருந்து

கன்னியாகுமரிக்கு விடுமுறையில் செல்லும் குடும்பங்களில், மாலை வேளையானால் பெரும்பாலும் ஒரே பேச்சு எழும். பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் கடற்கரைக்குக் கிளம்பி வாசலில் நிற்பார்கள். விடுதி அறையில், கட்டிலில் அமர்ந்திருக்கும் பாட்டி மட்டும், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எனக்கு அம்பாள் தரிசனம் ஆச்சு, அது போதும். வரும்போது ரெண்டு இட்லி வாங்கிட்டு வந்தாச் சரி" என்பார். முழங்கால் வலி ஒரு காரணந்தான். தம்முடைய மெல்லிய நடையால் மற்றவர்களின் மகிழ்ச்சி தடைப்படுமோ என்ற தயக்கம் அதைவிடப் பெரிய காரணம். இளையவர்களும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு இட்லி எட்டரை மணிக்கு, ஆறிப்போன சாம்பாருடன் வந்து சேர்கிறது.

மற்ற ஊர்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குமரித் தலத்தில் இது தகாது. இத்தலத்தின் வரலாற்றில் பாதி கருவறையில் இருக்கிறது. மீதிப் பாதி கடற்கரை மணலில் கிடக்கிறது. அம்மையை வணங்கிவிட்டு நேரே அறைக்குத் திரும்புகிறவர், கதாகாலட்சேபத்தில் பாதிக் கதை கேட்டு எழுந்து வந்தவரைப் போன்றவர். அதிலும் அந்த மீதிப் பாதி ஒரு விருந்தைப் பற்றியது. சமைத்து முடித்தும் ஒருவரும் உண்ணாமற்போன விருந்து அது.

தலபுராணம் பலரும் அறிந்ததே. பாணாசுரன் பெருந்தவம் செய்து, ஒரு கன்னிப்பெண்ணால் அன்றி வேறெவராலும் தனக்கு மரணம் நேரக்கூடாது என்று வரம் பெற்றான். ஒரு சிறு பெண் தன்னை என்ன செய்துவிட முடியும் என்பது அவன் எண்ணம். அவனுடைய கொடுமை தாங்காத தேவர்கள் முறையிட, பராசக்தி கன்னிப்பெண்ணாகத் தென்கோடியில் தோன்றித் தவம் இருந்தாள். அவளை மணக்கச் சுசீந்திரத்தில் எழுந்தருளியுள்ள தாணுமாலயப் பெருமான் விழைந்தார். நாள் குறிக்கப்பட்டது. முகூர்த்தம் விடிவதற்கு முன். அந்த நேரம் தவறினால் மணம் நிகழாது. மணம் நிகழ்ந்தாலோ, அசுரன் அழிய வழியில்லை. ஆகவே நாரதர் சேவலாகிக் கூவினார். பொழுது புலர்ந்துவிட்டதென்று எண்ணிய பெருமான் பாதி வழியில், வழுக்கம்பாறையிலிருந்து திரும்பிவிட்டார். சுசீந்திரத்திலிருந்து குமரி ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அந்தக் காலத்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அது ஓர் இரவின் பயணம். வழுக்கம்பாறை என்னும் ஊர் இன்றும் அந்தச் சாலையில் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம்.

இங்கே குமரியில் எல்லாம் தயாராக இருந்தது. மணவிருந்துக்கு அரிசி, பருப்பு, பயறு முதலானவை குவிந்திருந்தன. நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டைக் கண்டவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் அளவு புரியும். அவியலும் எரிசேரியும் புளிசேரியும் பிரதமனும், போளியின்மேல் ஊற்றிய பால்பாயசமும் என்று இலையில் இடம் கொள்ளாத விருந்து இந்தப் பகுதியின் வழக்கம். முகூர்த்தம் தவறியது. மணமகன் வரவில்லை. குவித்திருந்த தானியமெல்லாம் மணலாகவும் சிறு கற்களாகவும் ஆகட்டும் என்று அம்மை சொன்னாள் என்பது ஐதிகம். குமரிக் கரையில் அரிசிபோல் வெண்மையாகவும், செம்பருப்புப்போல் சிவந்தும், எள்போல் கறுத்தும் கிடக்கும் மணல் அதுவே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பல நிற மணலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் கடற்கரையில் விற்பதும் நெடுநாளைய வழக்கம்.

இந்தக் கதையைச் சிறுவர்கள் கேட்டால் சேவல் கூவிய தந்திரத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். வயது முதிர்ந்தவர்களுக்குச் சேவல் முக்கியமன்று. சமைத்து மூடி வைத்துவிட்டு, வருவதாகச் சொன்னவருக்காகக் காத்திருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வருகிறேன் என்ற மகன், விடுப்புக் கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் தொலைபேசியில் சொல்லியிருப்பான். அதிரசப் பாகு பதத்தில் இருக்கும்போது அந்தச் செய்தி வந்திருக்கும். செய்த பலகாரத்தை அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, "போகட்டும், பொங்கலுக்கு வருவான்" என்று சொல்லியிருப்பார்கள். குமரி அம்மையின் கதையில் கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஆனால் கோயில் இந்தக் கதையை ஏமாற்றத்தின் கதையாகச் சொல்வதில்லை. கருவறையில் அம்மை நின்ற கோலத்தில், வலக்கரத்தில் ஜபமாலையுடன், தவம் செய்யும் கன்னியாகவே காட்சி தருகிறாள். மணம் நின்ற பிறகு அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. அவளுடைய அழகைக் கேள்வியுற்று, வலிய மணக்க வந்த பாணாசுரனைச் சக்கரத்தால் அழித்தாள். எந்தச் செயலுக்காகத் தோன்றினாளோ, அதை முடித்துவிட்டுத் தவத்தைத் தொடர்ந்தாள். ஆண்டுதோறும் நவராத்திரி நிறைவில், விஜயதசமி நாளன்று, அம்மை குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்கு எழுந்தருளிப் பரிவேட்டை நடத்துகிறாள். திரும்பி வந்து முக்கடல் சங்கமத்தில் ஆராட்டுக் கண்டருளி, கிழக்கு வாயில் வழியாகக் கோயிலுக்குள் செல்கிறாள். ஊரார் திரண்டு கொண்டாடுவது இந்த வெற்றியைத்தான்.

அந்தக் கிழக்கு வாயில் ஆண்டின் பெரும்பகுதி அடைத்தே இருக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, விஜயதசமி போன்ற குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கிறார்கள். அம்மையின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கரையை நோக்கி வந்த கப்பல்கள் பாறையில் மோதியதால் வாயில் அடைக்கப்பட்டதாகக் கூறுவர். வழக்கமாகப் பக்தர்கள் செல்வது வடக்கு வாயில் வழியாக. கோயிலுக்குள் ஆடவர் மேலாடையைக் களைந்துவிட்டே செல்ல வேண்டும். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் கடற்காற்று மார்பில் மோதும். சளித்தொல்லை உள்ள பெரியவர்கள் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டே நடந்துவிடாமல், வாயிலிலேயே அணிந்துகொள்வது நல்லது.

இனி நடை. மாலை நடை திறந்ததும் தரிசனம் செய்துவிட்டால், ஐந்தரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம். சங்கும் சோழியும் பாசிமாலையும் விற்கும் கடைகளைத் தாண்டினால் தீர்த்தக் கட்டம். மூன்று கடல்களும் கூடுமிடம் என்று போற்றப்படுவது இதுவே. அமாவாசை நாட்களில், சிறப்பாக ஆடி, தை அமாவாசைகளில், இங்கே பித்ரு தர்ப்பணம் செய்வதற்கு விடியற்காலையிலிருந்தே கூட்டம் கூடும். மாலையில் அந்த நெரிசல் இராது. பாறைகள் அணைத்து நிற்கும் பகுதியில் படியில் நின்று கால் நனைக்கலாம். தலையில் தீர்த்தம் தெளித்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் போகக் கூடாது. குமரிக் கடல் பார்ப்பதற்குச் சாந்தமாக இருக்கும்போதே ஒரு பேரலை எழுந்து பாறைமேல் ஏறும். பாசி படிந்த பாறையில் கைத்தடி வழுக்கும். உலர்ந்த மணலிலோ அது புதையும். ஆகையால் கைத்தடியை நம்புவதைவிடப் பேரனின் தோளை நம்புவதே இங்கே பாதுகாப்பு. பேரனுக்கும் அந்தக் கால் மணி நேரம் கைப்பேசியைப் பையில் வைக்க ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த நீராட்டு எத்தனை பழமையானது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயணக் குறிப்பில் குமரி இடம்பெறுகிறது. மிளகு வாணிகத்துக்காக மேற்குக் கரைக்கு வந்துபோன கப்பல்களின் துறைமுகங்களைக் கணக்கெடுத்து எழுதிய நூல் அது. சரக்கு, விலை, காற்று, நங்கூரம் இடும் இடம் என்றே பெரும்பாலும் பேசும் அந்த வணிகர், குமரி வந்ததும் வேறொரு செய்தியைச் சொல்கிறார். ஆடவரும் பெண்டிரும் இங்கே வந்து நீராடி விரத வாழ்வு மேற்கொள்கிறார்கள் என்றும், ஒரு தேவி முன்னொரு காலத்தில் இங்கே தங்கி நீராடியதாகச் சொல்லப்படுகிறது என்றும் குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வேற்று நாட்டு வணிகர் காதில் விழும் அளவுக்கு இத்தலத்தின் புகழ் பரவியிருந்தது. படியில் கால் நனைத்து நிற்கும் பாட்டி, அந்த நெடிய வரிசையில் ஒருவர்.

தீர்த்தக் கட்டத்தில் நின்று பார்த்தால் கடலுக்குள் இரு பாறைகள் தெரியும். ஒன்றில் விவேகானந்தர் நினைவாலயம்; மற்றொன்றில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை. அம்மை ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த திருவடிச் சுவடு உள்ளதால் முதற் பாறைக்கு ஸ்ரீபாதப் பாறை என்று பெயர். 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் சுவாமி விவேகானந்தர் அங்கே தியானத்தில் அமர்ந்தார். நினைவாலயம் 1970-இல் திறக்கப்பட்டது. வள்ளுவர் சிலை 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்டது. இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் வந்தது. படகு பகற்பொழுதில் மட்டுமே செல்லும். விடுமுறை நாட்களில் வரிசை மிக நீளம். மணிக்கணக்கில் நிற்க முடியாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. கரையிலிருந்தே ஸ்ரீபாதப் பாறையை நோக்கிக் கைகூப்பலாம். மாலை வெயிலில் அந்தப் பாறை பொன்னிறமாக மின்னுவதைப் படகில் இருப்பவர்கள் காண முடியாது.

கரையோரமாகச் சிறிது மேற்கே நடந்தால் காந்தி மண்டபம். 1948 பிப்ரவரியில் மகாத்மாவின் அஸ்தி இந்தக் கடலில் கரைக்கப்பட்டது. கரைப்பதற்கு முன் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956-இல் மண்டபம் எழும்பியது. அக்டோபர் 2-ஆம் நாள் நண்பகலில் கதிரவன் ஒளி அந்தப் பீடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அடுத்து இருப்பது காமராஜர் மணிமண்டபம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னமும் தென்கரையில் உண்டு. குளச்சல், மணக்குடி முதலான மீனவர் ஊர்கள் அன்று அடைந்த துயரம் இந்த மாவட்டத்தில் இன்னும் ஆறவில்லை. அங்கே ஒரு கணம் நிற்பது முறை.

பெரியவர்களுக்கு இந்த நடை போதும். இடையில் உட்காரத் திண்ணைகளும் சுவர்களும் உண்டு. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் மூச்சு வாங்காது. கதிரவன் கடலுக்குள் இறங்குவதைக் காண வேண்டுமென்றால், மேற்கே உள்ள காட்சியிடத்துக்கு ஆட்டோவில் சென்றுவிடலாம். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம். மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே சாய்ந்திருப்பதால் கடலிலேயே மறைவான். ஆனி, ஆடியில் வடக்கே விலகி நிலத்தின் பக்கம் மறைந்துவிடுவான். கோடை விடுமுறையில் வந்துவிட்டு, கடலில் அஸ்தமனம் காணவில்லையே என்று ஏங்குவோர் பலர். கோடையில் வருவோருக்கு வேறொரு பேறு உண்டு. சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே கதிரவன் மறைய, கிழக்கே முழுநிலவு கடலிலிருந்து எழும். அன்று ஊரே கடற்கரையில்தான் இருக்கும். முதியவர்களை அழைத்து வருவோர் நான்கு மணிக்கே இடம் பிடித்துவிட வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் மணலைப் பார்க்க வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும்போது எல்லாம் ஒரே வெளுப்பாகத் தெரியும். சாய்ந்த ஒளியில்தான் நிறங்கள் பிரிந்து தெரியும். அலை ஏறி இறங்கும் விளிம்பில் கறுப்புக் கோடு ஒன்று, அதன்மேல் மாதுளை நிறத்தில் ஒரு கோடு, அப்பால் வெளிர் மணல் என்று பட்டைப் பட்டையாக இருக்கும். மண்ணியல் அறிந்தவர்கள் கறுப்பு மணலை இல்மனைட் என்றும், சிவப்பு மணலைக் கார்னெட் என்றும் கூறுவர். மலைப்பாறைகள் காலப்போக்கில் சிதைந்து, ஆற்று வழியே கடலுக்கு வந்து, அலையால் கரையில் ஒதுக்கப்பட்டவை இவை. சாதாரண வெண்மணலைவிட இவை எடை மிகுந்தவை. அலை திரும்பும்போது இலேசான மணலை இழுத்துச் சென்றுவிடும், கனமானது தங்கிவிடும். அதனால்தான் நிறங்கள் தனித்தனியே பிரிகின்றன.

இளைஞர்களுக்கு இதை விளக்கப் படம் வரைய வேண்டியிருக்கும். பாட்டிமார்களுக்கு ஒரு சொல் போதும்: கொழித்தல். முறத்தில் அரிசியை இட்டு, பக்கவாட்டில் அசைத்து அசைத்துக் கல் வேறு, அரிசி வேறு, நொய் வேறு என்று பிரித்தெடுத்த கைகள் அவர்களுடையவை. குமரிக் கடல் செய்வதும் அதே வேலைதான். ஐதிகம் இந்த மணலைத் தானியம் என்கிறது. கடல் அதைத் தானியத்தைப் போலவே கொழித்துக்கொண்டிருக்கிறது. இப்போது கடைகளில் அரிசி கல் நீக்கியே வருவதால், கொழித்தல் என்றால் என்னவென்று பேத்திகளுக்குத் தெரியாது. கைப்பிடி மணலை ஒரு தட்டில் இட்டு, எப்படிக் கொழிப்பது என்று கடற்கரையிலேயே காட்டிக் கொடுக்கலாம். இந்த ஒரு காரியத்தை அறையில் அமர்ந்து செய்ய முடியாது. பாட்டியை விட்டால் அந்தக் குடும்பத்தில் வேறெவரும் செய்ய முடியாது.

அடுத்து உணவு. குமரியில் நல்ல சைவ உணவகங்கள் இருக்கின்றன. ஆயினும் கட்டுச்சோறு எடுத்துச் சென்று கரையில் அமர்ந்து உண்பதற்கு ஈடில்லை. பழைய தலைமுறையின் தல யாத்திரையெல்லாம் கட்டுச்சோற்றை நம்பியே நடந்தது. மாவிலை கட்டிய தூக்குவாளியில் புளியோதரை, வாழையிலையில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, இஞ்சி நறுக்கிப் போட்ட தயிர்சாதம், மாவடு. இரவு உணவுக்கு இட்லியும் தயிர்சாதமுமே போதும். புளியோதரையைப் பெரியவர்கள் ஒரு கவளத்தோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. காலையிலேயே விடுதிக்கு அருகில் உள்ள உணவகத்தில் சொல்லி வைத்தால், பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

நேரம் தவறாமல் உண்பதுதான் முக்கியம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் கதிரவன் மறையட்டும், நிலவு வரட்டும் என்று காத்திருந்து மயங்கி விழுந்துவிடக் கூடாது. ஏழு மணிக்கு இலையைப் பிரித்துவிட வேண்டும். மாத்திரைப் பெட்டியும் வெந்நீர்க் குடுவையும் பையில் இருக்க வேண்டும். தரையில் சம்மணமிட முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துச் செல்வதில் வெட்கம் என்ன? வீட்டில் சோபாவில் அமர்ந்து உண்பவர்கள், கடற்கரையில் பாட்டிக்கு நாற்காலி எடுத்துச் செல்ல மட்டும் தயங்குவது விந்தைதான்.

இடம் தேர்வதிலும் கருத்து வேண்டும். குமரிக் காற்று சாதாரணக் காற்றன்று. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது இலை பறக்கும். மணல் சோற்றில் வந்து விழும். அன்னையின் விருந்தே மணலானபோது, தம் இலையில் நாலு மணல் விழுந்ததற்கு முகம் சுளிக்கலாமா என்று கேட்கும் நகைச்சுவை முதியவர்களுக்கு உண்டு. பல் இல்லாதவர்களுக்கும் பல்செட் வைத்திருப்பவர்களுக்கும் அந்த நகைச்சுவை செல்லாது. சுவரின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி அமர்வதே சரி. அலைவாயிலிருந்து விலகி, வெளிச்சம் உள்ள இடமாக இருத்தல் வேண்டும்.

இந்த ஊரில் வாங்கி உண்ணத் தக்கவையும் சில உண்டு. முதன்மையானது மட்டிப்பழம். விரல் நீளமே உள்ள, மணம் மிகுந்த வாழைப்பழம். பல் முளைக்காத குழந்தைக்கும் மசித்துக் கொடுப்பார்கள். குமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல் போன வயதில் இதைவிடப் பொருத்தமான பழம் இராது. கருப்பட்டி போட்ட சுக்குக் காபி கடற்கரை வண்டிகளில் கிடைக்கும். பனிக்காலமானால் பனங்கிழங்கும் உண்டு; ஆனால் அது இளையவர்களின் பற்களுக்கு உரியது. நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தைப் பேரன் பிரிப்பான். அதிலிருந்து இரண்டை வாங்கிப் பாயசத்தில் ஊறப்போட்டு உண்ட கல்யாணங்களைப் பற்றித் தாத்தா சொல்லத் தொடங்கினால், தடுக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலையைப் பிரித்ததும் முதற் கவளத்தை எடுப்பதற்கு முன் கோயில் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்புவது சில குடும்பங்களில் உள்ள பழக்கம். நல்ல பழக்கம். அம்மைக்குப் படைத்து நின்றுபோன விருந்தின் கரையில், அவளை நினையாமல் உண்ணத் தோன்றாது. அப்போது பேரக் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பாட்டி, மாப்பிள்ளை வராம போனது அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்காதா?" இதற்குப் புராணத்தில் விடை இல்லை. பாட்டிதான் சொல்ல வேண்டும். வாராமற்போனவர்களுக்காகக் காத்திருந்த கதைகளில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவருக்குத் தெரியும். "இருந்திருக்கும்டா கண்ணா. ஆனா அவளுக்கு வேலை இருந்துச்சே" என்று ஒரு பாட்டி சொன்னால், அதற்குமேல் பௌராணிகர்கள் சொல்லக் கூடியது அதிகம் இல்லை.

கடலில் இருட்டு ஏறும்போது மீனவர் குப்பத்துப் பக்கம் விளக்குகள் தெரியும். அலங்கார உபகார மாதா ஆலயத்தின் வெண்கோபுரம் அங்கே நிமிர்ந்து நிற்கும். கடலுக்குப் போனவர் திரும்பும்வரை அந்த வீடுகளிலும் சோறு மூடியே இருக்கும். குமரி அம்மையின் காத்திருப்பை இக்கரையில் மிக நன்றாக அறிந்தவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

உண்ட இலையையும் பொட்டலத் தாளையும் கடலிலோ மணலிலோ எறியாமல் பையில் கட்டி எடுத்து வந்து தொட்டியில் இட வேண்டும். ஞெகிழிப் பையில் சட்னி கட்டித் தருவதைக் காலையிலேயே மறுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சம்புடத்தில் வாங்கிக்கொண்டால் அந்த வேலையும் பாதியாகும். திரும்பும்போது நடக்க வேண்டாம், ஆட்டோ போதும். எட்டரை மணிக்குள் அறைக்கு வந்து, காலில் ஒட்டிய மணலை வெந்நீரில் கழுவி, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடலாம். கோயில் நடை காலை நான்கரை மணிக்குத் திறக்கும். சூரிய உதயம் காணக் கீழே கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை. கிழக்குப் பார்த்த விடுதிகள் பலவற்றில் மொட்டைமாடியிலிருந்தே நன்றாகத் தெரியும். மாடிக்கு மின்தூக்கி உண்டா, அங்கே உட்கார நாற்காலி போடுவார்களா என்பதை இரவே வரவேற்பறையில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.